கூடுதல் கட்டம்

ஜூலை 2

சின்னவளுக்கு,

முதலில் ஒப்பந்தம். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வருகிறது, நாலாவது நிமிஷம் நீ வைத்துவிடுகிறாய், ஐந்தாவது நிமிஷம் நான் அழுகிறேன். அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார். மாப்பிள்ளை ஓட்டும் பேருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் இங்கே வந்து போகிறது. தபாலைவிட அவர் நம்பிக்கையானவர். என்ன, கடிதத்தோடு சேர்த்து உன்னைப் பற்றிய புகாரையும் அரை மணி நேரம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

சௌக்கியம் என்று எழுத ஆசை. சௌக்கியம்தான், மழை பெய்யாதவரை. போன வருஷம் வளைவுப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் புகுந்து ஒரு பால்காரர் போய்ச் சேர்ந்தாரே, அதிலிருந்து ஜன்னலில் நாலு சொட்டு விழுந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மானி பழுது, அதைப் பார்த்துக்கொண்டவர் கவனிக்கவில்லை என்று விசாரணையில் முடிவாகிவிட்டது. என் வேலையில் பிழை இல்லை. ஆனாலும் இந்தப் பயம் போகமாட்டேன் என்கிறது.

"நீ அப்படி என்னதான் பண்ற, ஒரு நாளாவது எனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கியா?" என்று போன மாதம் கத்தினாயே. சொல்கிறேன், கேள். ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் ஒரு மானி தொங்குகிறது. கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். மானி ஆற்றுப்படுகையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அதிலிருந்து அந்தத் தூரத்தைக் கழித்து, தண்ணீர் எத்தனை அடி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். குறிப்பிட்ட அடியைத் தாண்டினால் அபாயச் சங்கு ஊதும். இந்த மானிகளைப் பற்றிய விவரங்களை எல்லா ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி எழுத வேண்டும். அதற்கென்று தரவை விவரிக்கும் மொழி ஒன்று இருக்கிறது. என்ன கட்டங்கள் இருக்கும், எதை எப்படி நிரப்ப வேண்டும் என்று அந்த மொழியில் விதி செய்கிறவள் நான். அந்த விதித்தொகுப்புக்குத்தான் ஸ்கீமா என்று பெயர்.

உன்னிடம் தைக்கக் கொடுக்கிறவர்கள் அளவுச் சட்டை ஒன்று கொண்டுவருவார்களே, அது மாதிரி நானும் ஒன்று வைத்திருக்கிறேன். வார்ப்புரு என்போம். வாடிக்கையாளர் வாயைத் திறந்து சொல்லாததை எல்லாம் நீ அளவுச் சட்டையிலிருந்து எடுத்துக்கொள்கிறாய் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். நம் ஆற்றுப் பாலங்களில் முக்கால்வாசி ஒரே வரைபடத்தில் கட்டியவை, மானி முப்பது அடி உயரத்தில். அதனால் வார்ப்புருவில் உயரம் முப்பது என்று போட்டுவிட்டேன். உயரக் கட்டத்தைக் காலியாக விட்டால் முப்பது.

எனக்குப் பெருமை எதில் தெரியுமா? யாருக்காவது கூடுதலாக எதையாவது எழுத வேண்டுமென்றால் அவர்களே ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்க வேண்டாம். கணினி முறைக்காது, வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். என்னோடு வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர் மட்டும் முரண்டு பிடித்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு, எதைக் கண்டாலும் சந்தேகம். "தெரியாத கட்டம் வந்தா சத்தம் போடணும்மா. யாரோ எதையோ சொல்ல வர்றாங்கன்னு அர்த்தம்" என்றார். "சத்தம் போட்டா அப்புறம் யாரு சார் எழுதுவா? எல்லாரையும் விரட்டிட்டு நாம ரெண்டு பேரும் பாலம் பாலமா போய் எழுதுவோமா?" என்றேன். அறையே சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

நம் ஆற்றில் இரண்டு வருஷமாக வெள்ளோட்டம் நடக்கிறது. ஆகஸ்ட் 28-இலிருந்து எல்லா ஆறுகளுக்கும் என் ஸ்கீமாதான். பெரிய விழா. நீ கட்டாயம் வர வேண்டும். வாண்டுவுக்கு என் முத்தம்.

அக்கா

ஜூலை 8

அன்பான, ஆனால் கோபக்கார அக்காவுக்கு,

ஐந்தாவது நிமிஷம் நீ அழுவாய் என்று இப்போதுதான் தெரிகிறது. சொல்லியிருந்தால் நாலாவது நிமிஷத்தில் வைத்திருக்கமாட்டேன். நீ எப்போது சொன்னாய் எதையாவது?

நாங்கள் மூவரும் நலம். பள்ளிக்கூடச் சீருடை அறுபது வந்து குவிந்திருக்கிறது, தலை நிமிர நேரமில்லை. கடை கீழ்த்தெருவில், வீடு அதற்குப் பின்னால், அதற்குப் பின்னால் ஆறு. வாண்டு தினமும் பள்ளி விட்டு வந்ததும் பாலத்தின் படிகளை எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். ஆமாம், உனக்குச் சொல்லவே இல்லையே! போன மாதம் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். பழசைவிட எவ்வளவு உயரம் என்கிறாய்! ஏறுவதற்குள் மூட்டு கழன்றுவிடுகிறது. உன் மானிப் பெட்டியைக் கழற்றி அதன் அடியில் மாட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். வாண்டு அதற்கு "பெரியம்மா பெட்டி" என்று பெயர் வைத்து, போகும்போதும் வரும்போதும் கையாட்டுகிறாள்.

உன் அளவுச் சட்டை விளக்கம் நன்றாகப் புரிந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் புரிகிற மாதிரி பேசியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் ஒரு தையல்காரியாக ஒன்று கேட்கிறேன். அளவுச் சட்டை அஞ்சு வருஷம் முந்தி தைத்ததாக இருக்கும், ஆள் அதற்குள் பருத்திருப்பாள். சட்டையை நம்பித் தைத்துக் கொடுத்தால் என் தலைமேல் வீசிவிட்டுப் போவாள். அதனால் நான் என்ன செய்வேன் தெரியுமா? சட்டை கையில் இருந்தாலும் ஆளை நிற்கவைத்து ஒரு தடவை டேப்பைப் போட்டுப் பார்த்துவிடுவேன். நீ எப்படிப் பார்க்கிறாய்?

விழாவுக்கு வருவேன். புதுச் சேலை எடுத்துத் தரச் சொல்லி இவரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். காது கேட்காத மாதிரி நடிக்கிறார்.

சின்னவள்

ஜூலை 10

சின்னவளே,

இதைப் படித்ததும் ஏன் என்று கேட்காதே. மேல்தெருவில் உன் சிநேகிதி, அந்த ஊசி போடும் நர்ஸ், அவள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்று முன்பு சொன்னாயே. வாண்டுவை அழைத்துக்கொண்டு அங்கே போய்விடு. மழைக்காலம் முடியும்வரை அங்கேயே இரு. பகலில் வேண்டுமானால் கடைக்கு வா. மழை பிடித்தால் பகலிலும் வராதே.

உன் வாய்ச் சாமர்த்தியத்துக்கு யாரையும் சம்மதிக்க வைத்துவிடுவாய். வீட்டில் கரையான் வந்துவிட்டது, மருந்து அடிக்கிறோம் என்று ஏதாவது சொல். மாப்பிள்ளையிடமும் அப்படியே சொல். போனில் கேட்காதே.

என் தலைமேல் ஆணை.

அக்கா

ஜூலை 12

அக்கா,

ஆணை வைக்க நீ என்ன பெரிய மகாராணியா? எட்டு வரி எழுதி அனுப்பியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து கவனம் தப்பி இரண்டு சீருடைக்குக் கழுத்தை மாற்றி வெட்டிவிட்டேன். கரையானாம்! இவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா எழுதினதா?" என்றார். அவ்வளவுதான் என் வாய்ச் சாமர்த்தியம்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து ஆற்றைப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது, இப்போது அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. நேற்று எங்கோ மேலே பெய்திருக்கிறது போல, தண்ணீர் கலங்கி வந்தது. பாலத்துத் தூணில் ஈரக்கோடு நேற்றைவிட மேலே இருந்தது. பாலத்து அறையில் இருக்கும் திரையைப் போய் எட்டிப் பார்த்தேன். எட்டடி என்று காட்டியது. அங்கிருந்தவரிடம் கேட்டால், "எட்டடிதாம்மா, நீங்க போய் நிம்மதியா தைங்க" என்கிறார். நான் தினமும் துணி அளக்கிறவள் அக்கா. அது எட்டடி இல்லை.

காரணம் சொல்லாமல் நான் ஓர் அடிகூட நகரமாட்டேன். என்னை மட்டும் போகச் சொல்கிறாயே, பக்கத்து வீட்டில் நடக்க முடியாத அம்மா இருக்கிறார், எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவர்களிடம் என்ன சொல்ல? உங்களுக்கும் கரையான் என்றா?

சின்னவள்

ஜூலை 16

சின்னவளே,

மூன்று நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

புதுப் பாலம் உயரம் என்று நீ எழுதியதைப் படித்தபோது நான் கையில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தேன். நேரே போய் உங்கள் பாலத்தின் விவரக் கோப்பைத் திறந்தேன். உயரக் கட்டம் காலி. காலி என்றால் என் வார்ப்புரு சொல்கிற முப்பது. அதற்குக் கீழே, உங்கள் ஊர்ப் பொறியாளர் தானே ஒரு கூடுதல் கட்டம் சேர்த்து, "புதுப் பாலத்தில் மானி உயரம்: 36" என்று எழுதியிருந்தார். அந்த மனிதர் மேல் தப்பே இல்லை. வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான்தானே சொன்னேன். கணினி அதை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தது. ஆனால் கணக்குப் போடும்போது வார்ப்புருவில் இருக்கும் கட்டங்களை மட்டும்தான் படிக்கும். கூடுதல் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. திரையிலும் காட்டாது. சரியான எண்ணும் தப்பான எண்ணும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, யாரும் சத்தம் போடவில்லை.

உங்கள் திரை ஆறடி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. நீ எட்டு என்று பார்த்தபோது ஓடியது பதினாலு. இருபதில் சங்கு ஊத வேண்டும். இருபத்திரண்டில் கீழ்த்தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். இப்படியே விட்டிருந்தால் இருபத்தாறு ஆகும்வரை ஊதியிருக்காது.

பயப்படாதே. உங்கள் பாலத்தை நேற்று சரிசெய்துவிட்டேன். எந்தத் திருத்தத்துக்கும் பெயரும் காரணமும் எழுத வேண்டும். "புதுப் பாலம் திறப்பு" என்று எழுதினேன், யாரும் கேட்கவில்லை. உங்கள் சங்கு இனி சரியாக ஊதும். நீ வீட்டிலேயே இருக்கலாம்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அறுபத்துநாலு பாலங்களின் கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இன்னும் பத்துப் பாலங்களில் இதே கதை. மானியை இடம் மாற்றியிருக்கிறார்கள், உயரத்தைக் கூடுதல் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் "உயரம் மாற்றம்" என்று வைத்திருக்கிறார், இன்னொருவர் "கவனம்" என்று. பத்தில் ஒன்று வளைவுப் பாலம்.

அங்கே எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். "பாலம் பழுது பார்த்தபோது மானியைக் கழற்றி நாலடி மேலே மாட்டியுள்ளார்கள். இப்போது உயரம் 34. தயவுசெய்து கவனிக்கவும்." கட்டத்தின் பெயர் "மானிக்காரர் வேண்டுகோள்". தேதி, வெள்ளத்துக்கு ஐந்து மாதம் முன்பு.

விசாரணையில் அந்த மானிக்காரர், "நான் கம்ப்யூட்டர்ல எழுதினேன் சார், எழுதினேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரையைத் திறந்து பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "கொடுத்ததைத்தான் அது காட்டும்" என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்கள். அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். பொய் சொல்கிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. இன்றைக்குத் தெரியும்.

உங்கள் பாலத்தைப் போல மற்றப் பத்தையும் ஒரேயடியாகத் திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள். வார்ப்புருவையே மாற்றினாலோ பழைய நாட்களையும் கணினி திரும்பக் கணக்குப் போடும். வெள்ளம் வந்த அந்த விடிகாலையும் சேர்ந்து வரும், சங்கு எத்தனை மணிக்கு ஊதியிருக்க வேண்டும் என்று நிமிஷத்தோடு. பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை விவரம் தெரிந்தவளாக அல்ல.

வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால்கூட விளக்கை அணைத்துவிடுகிறேன். கிழித்துப் போட்டுவிடு.

அக்கா

ஜூலை 20

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நான் நன்றாகத் தூங்கினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் பாலம் சரியாகிவிட்டது, வாண்டுவுக்கு ஒன்றும் ஆகாது என்று அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். மறுநாள் காலை எழுந்து பல் விளக்கும்போதுதான் உறைத்தது. மற்றப் பத்துப் பாலங்களுக்கும் கீழே இருக்கிறவர்களுக்கு உன் ஆபீசில் அக்கா இல்லை. அதனால் அவர்கள் பாலம் சரியாகவில்லை. அவ்வளவுதானே வித்தியாசம்?

உனக்காகவும் பயமாக இருக்கிறது. உன்னைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. நீ ராத்திரி பகலாக இதைச் செய்தது எனக்குத் தெரியாதா? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட மடியில் அந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நீ கெட்டவள் இல்லை அக்கா. தெரியாமல் செய்தாய். தெரிந்தபிறகு என்ன செய்கிறாய் என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

உங்கள் ஆபீஸ் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிடு. "இப்படி ஒரு தப்பு நடந்துபோச்சு, பத்துப் பாலம் இது, உடனே சரி பண்ணணும்" என்று சொல். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். இறக்கி வைத்துவிடு. அந்தக் கண்ணாடிக்காரரையும் கூட்டிக்கொண்டு போ. அவர் சொன்னபோது சிரித்ததற்கு ஒரு மன்னிப்பும் கேட்டுவிடு.

சங்கை நம்பித்தான் இங்கே எல்லோரும் தூங்குகிறார்கள். சங்கே இல்லாத காலத்தில் தாத்தா முறைவைத்துக் கண்விழித்து ஆற்றைப் பார்த்தாராம். சங்கு வந்த பிறகு யாரும் பார்ப்பதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நீ சொன்னாய் என்று எழுது. அந்த ஒரு வரி போதும்.

சின்னவள்

ஜூலை 24

என் தங்கமே,

நீ சொல்வது எல்லாம் சரி. உனக்குச் சுலபமாக இருக்கிறது, அதுதான் கோபம் வருகிறது எனக்கு.

நேற்று பெரியவரின் அறை வாசல்வரை போனேன். உள்ளே விழா அழைப்பிதழுக்குத் தாள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், "வாங்க வாங்க, கதாநாயகி வந்தாச்சு. எந்தக் கலர் நல்லாருக்கு, சொல்லுங்க" என்றார். இளநீலம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? அந்த அறையில் ஏழு பேர் இருந்தார்கள்.

நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். விழா முடியட்டும். அதற்குப் பிறகு மாதம் ஒரு பாலமாக, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம் எழுதி, யாரும் கவனிக்காதபடி திருத்திவிடுகிறேன். பத்து மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும். வளைவுப் பாலத்தைக் கடைசியில் தொடுகிறேன். எல்லா வருஷமுமா வெள்ளம் வருகிறது? அந்த மானிக்காரருக்கும் எப்படியாவது வேலை ஒன்று பார்த்துக் கொடுக்கச் சொல்கிறேன், யாரிடமாவது.

மலையில் அடுத்த வாரம் கனமழை என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. திரையில் பத்துப் பாலங்களையும் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றோடும் விரல்விட்டு நாலு, ஐந்து, ஆறு என்று கூட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எந்தத் தண்ணீர் எவ்வளவு என்று இந்த ஊரிலேயே சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கூட்டிக் கூட்டி விரல் மரத்துவிட்டது. ஆபத்து என்றால் நானே போன் செய்து ஏதாவது பெயரில் சொல்லிவிடுவேன். நான் தூங்குவதில்லை, பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஜெயில் என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதுதான் பயம். உனக்கு நான் ஒரே அக்கா. தயவுசெய்து கடிதங்களைக் கிழித்துப் போடு. கிழித்தேன் என்று எழுது.

அக்கா

ஜூலை 30

அக்கா,

கிழிக்கவில்லை.

வளைவுப் பாலத்து மானிக்காரர் இப்போது பேருந்து நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். வழியில் வண்டி பத்து நிமிஷம் அங்கே நிற்கும், இவருக்கு அவரைத் தெரியும். நேற்று வண்டி அந்த நிலையத்தோடு திரும்பும் நாள், நானும் அதிலேயே போய் இறங்கினேன். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாமா, திரும்பிவிடலாமா என்றே இருந்தது. ஸ்டாண்டில் வைத்துப் பேச வாய் வரவில்லை. "உங்க வீட்டுக்குப் போலாமா அண்ணே?" என்றேன். யார் நீ என்றுகூடக் கேட்கவில்லை. டோக்கன் பெட்டியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

ஒற்றை அறை வீடு. சுவரில் பாதிவரை தண்ணீர் நின்ற கறை அப்படியே இருக்கிறது. அவர் மனைவி ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் உன் கடிதத்தைப் படித்தேன். "மானிக்காரர் வேண்டுகோள்" என்ற இடம் வந்ததும் அவர் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். "அத மட்டும் இன்னொரு தடவ படிங்கம்மா" என்றார். படித்தேன். அவர் எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார், மறுபடி மொண்டு குடித்தார்.

அந்த அம்மா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப இவரு எழுதினேன் எழுதினேன்னு சொன்னது நெசமா?" நான் தலையாட்டினேன். "ஒரு வருசமா நானும் இவர நம்பலியே" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஊரே காறித் துப்பியபோது அந்த அம்மாவும் சேர்ந்துதான் பேசியிருக்கிறார். செத்துப்போன பால்காரர் அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

இது உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நேற்றுவரை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. அடிப்பார்கள் என்று பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

மானிக்காரர் கேட்டது ஒன்றுதான். "மிச்ச ஒம்பது பாலம் எதெதுன்னு ஒங்க அக்காவுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "ஒரு ஆளுக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாதும்மா. எனக்கும்தான் தெரிஞ்சிருந்திச்சு" என்றார்.

நீ தூங்காமல் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதினாயே, போன வருஷ வெள்ளத்தில் அவரும் அப்படித்தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இரண்டு ராத்திரி. மூன்றாவது நாள் விடியற்காலையில் அரை மணி நேரம் கண் அசந்துவிட்டதாம்.

மலையில் நேற்றிலிருந்து கொட்டுகிறது. நம் சங்கு இன்று காலை ஊதியது, சரியாக இருபதில். கீழ்த்தெருவே எழுந்து மேலே போய்விட்டது. நடக்க முடியாத அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். வாண்டு நர்ஸ் வீட்டு மாடியில் இருக்கிறாள். மற்றப் பாலங்களில் சங்கு ஊதவில்லை, அங்கே எல்லாம் தண்ணீர் குறைவுதான் என்று ரேடியோவில் சந்தோஷமாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் வேகமாகப் போய் வண்டியில் ஏறிவிட்டேன். வளைவுப் பாலத்து நிறுத்தத்தில் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டோம். மானிக்காரர் தெருவில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் மேலே போகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி உனக்குப் போன் செய்தேன், நாலு தடவை. நீ எடுக்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது. இவர் உன் ஆபீசின் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து இதை உன் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருக்கிறேன். பாவம், இதெல்லாம் அவருக்குப் பிடிக்காது.

ஜன்னல் வழியாகக் கீழே பார். வாசலில் மூன்று பேர் நிற்கிறோம். குடை ஒன்றுதான் இருக்கிறது, அது அந்த அம்மாவிடம். உன் கடிதம் என் இடுப்பில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, நனையாமல் இருக்கிறது.

நீயாக அந்தப் பெரியவர் அறைக்குள் போய், பத்துப் பாலத்தின் பெயரையும் சொன்னால் அது நீ சொன்னதாக இருக்கும். நாங்கள் ஏறி வந்து கடிதத்தைக் கொடுத்தால் அது நாங்கள் பிடித்ததாக இருக்கும். பாலங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு ஒன்றில்லை. இதற்கப்புறம் நீ என்னோடு பேசமாட்டாய் என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன், அந்தப் பயத்தில்தான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

பத்து நிமிஷம் பார்ப்போம். அதற்கு மேல் தண்ணீர் பொறுக்காது. அப்புறம் படியேறிவிடுவோம்.

சின்னவள்